பாக்கெட் முகப்பில் எச்சரிக்கை முத்திரை: ஒரே பிஸ்கட்டை வைத்து உலக முறைகளின் மதிப்பீடு

கடை அலமாரி முன்னால் நிற்பவர் ஒரு பாக்கெட்டை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யச் சில நொடிகள்தான் எடுத்துக்கொள்கிறார். பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்ட சத்து அட்டவணையைத் தேடி, சோடியம் எத்தனை மில்லிகிராம், அது ஒரு நாளுக்குத் தாங்குமா என்று அவர் கணக்குப் போட வேண்டுமென்றால் அது நடக்காத காரியம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றுக்கும் பாதை போடுகிற உப்பும் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் அந்தப் பொடி எழுத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. அதனால்தான் பல அரசுகள் பாக்கெட்டின் முகத்திலேயே முத்திரை குத்தச் சட்டம் போட்டன. நாள்பட்ட நோய்த் தடுப்புக்கு அரசு செய்கிற எத்தனையோ காரியங்களில் மக்கள் தினமும் கையால் தொடுவது இதுதான். ஆகவே இதையும் ஒரு பொருளாகவே எடுத்து, வேலை செய்கிறதா இல்லையா என்று பார்ப்பது நியாயம்.

சோதனைக்கு ஒரு மாதிரி கிரீம் பிஸ்கட்டை வைத்துக்கொள்வோம். எந்த நிறுவனத்தின் பொருளும் அல்ல. கணக்குக்காக வைத்த எண்கள். 100 கிராமில் 470 கிலோ கலோரி, மொத்தக் கொழுப்பு 20 கிராம், அதில் நிறைவுற்ற கொழுப்பு 9 கிராம், சர்க்கரை 24 கிராம் (முழுவதும் சேர்க்கப்பட்டது), சோடியம் 320 மில்லிகிராம், நார்ச்சத்து 2.5 கிராம். இந்த ஒரே பிஸ்கட் ஒவ்வொரு நாட்டின் முத்திரைக்குள் போனால் எப்படி வெளியே வருகிறது என்பதுதான் கேள்வி.

சதவீதக் கட்டம்

ஐரோப்பாவில் உணவு நிறுவனங்கள் தாங்களே முன்வந்து பரப்பிய முறை இது. முகப்பில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு பரிமாறலில், அதாவது ஒரு தடவை சாப்பிடுவதாக வைத்த அளவில், எத்தனை கிராம், அது ஒரு நாள் அளவில் எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். நம் பிஸ்கட்டுக்கு ஒரு பரிமாறல் 25 கிராம் என்று நிறுவனமே வைத்துக்கொண்டால், சர்க்கரை 6 கிராம், 7 சதவீதம் என்று வரும். பார்ப்பவருக்கு இது ஒன்றுமே இல்லாத அளவாகத் தெரியும்.

இங்கே இரண்டு இடங்களில் கணக்கு சறுக்குகிறது. முதலாவது, அந்த 7 சதவீதம் ஒரு நாளைக்கு 90 கிராம் என்ற மொத்தச் சர்க்கரை அளவை வைத்து வந்தது; பாலிலும் முழுப் பழத்திலும் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் அதில் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சேர்க்கப்படும் சர்க்கரையையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையையும் மட்டும் கணக்கில் எடுத்து, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2,000 கிலோ கலோரிக்கு அது 50 கிராம். அப்படிப் பார்த்தால் அதே 6 கிராம் 12 சதவீதம். இரண்டாவது, 25 கிராமோடு யார் நிறுத்துகிறார்கள்? 100 கிராம் பாக்கெட்டைக் காலி செய்தால் 24 கிராம். ஒரு நாள் உச்சவரம்பில் ஏறக்குறைய பாதி. பரிமாறல் அளவை நிர்ணயிக்கும் உரிமையை விற்பவரிடமே கொடுத்துவிட்ட எந்த முத்திரையும் நம்பத் தகாதது. 10-க்கு 2 மதிப்பெண்.

சிவப்பு, ஆரஞ்சு, பச்சை

பிரிட்டனில் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் வண்ண முறை. சேருவது நிறுவனத்தின் விருப்பம். 100 கிராமில் மொத்தக் கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல், நிறைவுற்ற கொழுப்பு 5-க்கு மேல், சர்க்கரை 22.5-க்கு மேல், உப்பு 1.5-க்கு மேல் போனால் சிவப்பு. உப்பு 0.3 கிராமுக்குள் இருந்தால் பச்சை. நம் பிஸ்கட்டில் 320 மில்லிகிராம் சோடியம் என்பது 0.8 கிராம் உப்பு. ஆக உப்புக்கு ஆரஞ்சு, மற்ற மூன்றுக்கும் சிவப்பு. நேர்மையான விடைதான்.

ஆனால் ஒரு குளிர்பானத்தை வைத்துப் பாருங்கள். 100 மில்லிலிட்டரில் 10.6 கிராம் சர்க்கரை, கொழுப்பு இல்லை, உப்பு இல்லை. மூன்று பச்சை வந்துவிடும். பானங்களுக்குச் சர்க்கரையின் சிவப்பு எல்லை 11.25 கிராம் என்பதால், 100 மில்லி கணக்கில் சர்க்கரையும் ஆரஞ்சிலேயே நின்றுவிடும். பரிமாறல் 150 மில்லிக்கு மேலாக இருந்து, அதில் 13.5 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு. அந்தச் சிவப்பு வந்தாலும் பக்கத்தில் மூன்று பச்சை இருக்கிறது. கண் சராசரி போட்டு, 'பரவாயில்லை' என்று கையை நீட்ட வைக்கிறது. கொழுப்பே இருக்க வாய்ப்பில்லாத பானத்துக்குக் 'கொழுப்பு குறைவு' என்று பச்சை கொடுப்பது நல்ல சான்றிதழ் கொடுப்பதற்குச் சமம். 10-க்கு 5.

எழுத்து மதிப்பெண்: நியூட்ரி-ஸ்கோர்

பிரான்சில் 2017-ல் வந்தது. கரும்பச்சை 'ஏ'-யில் தொடங்கி சிவப்பு 'இ' வரை ஐந்து எழுத்து. இதன் உள்ளே இருக்கும் கணக்கு மற்றவற்றைவிட அறிவார்ந்தது. 2017-ன் கணக்கில் கலோரி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை குற்றப் புள்ளி. பழம்-காய்கறி, நார்ச்சத்து, புரதம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை கழிவு. எல்லாம் 100 கிராம் அளவில்தான். பரிமாறல் தந்திரம் இங்கே செல்லாது.

2017-ன் அட்டவணைப்படி நம் பிஸ்கட்: கலோரிக்கு 5, சர்க்கரைக்கு 5, நிறைவுற்ற கொழுப்புக்கு 8, சோடியத்துக்கு 3, கூட்டினால் 21. குற்றப் புள்ளி 11-ஐத் தொட்டுவிட்டால், பழமும் காயும் நிறைய இல்லாத பொருளுக்குப் புரதக் கழிவு கிடையாது. நார்ச்சத்துக்கு 2 கழித்தால் 19. 19 முதல் 'இ'. இப்போது தயாரிப்பாளர் சர்க்கரையை 24-லிருந்து 22 கிராமாகக் குறைக்கிறார் என்று வையுங்கள். ஒரு புள்ளி குறைந்து 18. எழுத்து 'டி' ஆகிவிடும். இரண்டு கிராமில் ஒரு படி ஏற்றம். தயாரிப்பாளரை உந்தித் தள்ளுவதற்கு இது நல்ல வசதி. வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தப் பிஸ்கட் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

குறை எங்கே என்றால், எழுத்து மொத்தத் தீர்ப்பை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வேண்டியது சோடியம் எவ்வளவு என்ற ஒரே தகவல். 'சி' என்ற எழுத்துக்குள் உப்பு அதிகமும் இருக்கலாம், நார்ச்சத்து அதை ஈடுகட்டியும் இருக்கலாம். ஆலிவ் எண்ணெய்க்கு முதலில் 'டி', பிறகு 'சி', 2023-ல் திருத்திய கணக்கில் 'பி' என்று மாறிய கதையும் உண்டு. திருத்தியது சரிதான், ஆனால் எழுத்து மாறிக்கொண்டே இருந்தால் நம்பிக்கையும் ஆட்டம் காணும். எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதைக் கட்டாயமாக்க உறுப்பு நாடுகளை விடுவதில்லை. பரிந்துரைக்க மட்டுமே முடியும். 'ஏ' வாங்கிய பொருள் எழுத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறது, 'இ' வாங்கியது போடாமலே விட்டுவிடுகிறது. கணக்குக்கு 8, நடைமுறைக்கு 4 என்று பிரித்துக் கொடுக்கலாம்.

சிலியின் கறுப்பு எண்கோணம்

இதற்குத்தான் அதிக இடம் ஒதுக்க வேண்டும். 2012-ல் நிறைவேறிய சட்டம், 2016 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. சாலையில் 'நில்' பலகையின் வடிவம், கறுப்பு நிறம், உள்ளே வெள்ளை எழுத்தில் 'சர்க்கரை அதிகம்', 'சோடியம் அதிகம்', 'நிறைவுற்ற கொழுப்பு அதிகம்', 'கலோரி அதிகம்', கீழே சுகாதார அமைச்சகத்தின் பெயர். எண் இல்லை, சதவீதம் இல்லை, பச்சை இல்லை. நல்லது என்று புகழும் வேலையையே இந்த முத்திரை செய்யாது. கெட்டதை மட்டும் காட்டும். படிக்கத் தெரியாதவரும் எண்ணத் தெரிந்தால் போதும்: மூன்று கறுப்பு, இரண்டு கறுப்பு, ஒன்றுமில்லை.

வரம்புகளை மூன்று கட்டமாக இறுக்கினார்கள். திட உணவில் 100 கிராமுக்குச் சர்க்கரை முதலில் 22.5 கிராம், 2018-ல் 15, 2019-ல் 10. சோடியம் 800 மில்லிகிராம், பிறகு 500, கடைசியில் 400. நிறைவுற்ற கொழுப்பு 6, 5, 4. கலோரி 350, 300, 275. பானங்களுக்குச் சர்க்கரை 6-லிருந்து கடைசியில் 5 கிராம். நம் பிஸ்கட் கடைசிக் கட்டத்தில் மூன்று எண்கோணம் வாங்கும். சோடியம் 320 என்பதால் நான்காவது தப்பிக்கும். அந்தக் குளிர்பானம் சர்க்கரை முத்திரையிலிருந்து தப்பவே முடியாது.

கட்டம் கட்டமாகப் போனது தயவு அல்ல, தொழில்நுட்பத் தேவை. பிஸ்கட்டில் சர்க்கரை இனிப்புக்கு மட்டும் இல்லை. மாவு அடுப்பில் பரவுவதற்கும் பழுப்பு நிறத்துக்கும் மொறுமொறுப்புக்கும் கனத்துக்கும் அதுதான் காரணம். ஒரே நாளில் பாதியாக்கினால் பிஸ்கட் கல்லாகும் அல்லது வெளுத்துப் போகும். ரொட்டியில் உப்பு, ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தி மாவை இறுக்குகிறது. திடீரென எடுத்தால் மாவு ஒட்டும், ரொட்டி தாறுமாறாக உப்பும். அதோடு நாக்குக்கும் பழக வேண்டும்: உப்பைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் பெரும்பாலோர் கண்டுபிடிப்பதில்லை, ஒரேயடியாகக் குறைத்தால் உடனே வேறு பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வரம்பு எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே சட்டத்தில் எழுதிவைத்ததால், தொழிற்சாலைகள் அதற்கேற்பக் கலவையை மாற்றிக்கொள்ள முடிந்தது.

முத்திரையோடு மூன்று தடைகளும் சேர்ந்து வந்தன. முத்திரை வாங்கிய பொருளைப் பள்ளிக்குள் விற்கக் கூடாது; 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது; பாக்கெட்டில் கார்ட்டூன் உருவமோ உள்ளே பொம்மையோ வைக்கக் கூடாது. தானிய டப்பாக்களில் சிரித்துக்கொண்டிருந்த விலங்குகள் காணாமல் போயின, பொம்மை வைத்த சாக்லேட் முட்டை அலமாரியிலிருந்து இறங்கியது. 2018-ல் தொலைக்காட்சியில் காலை 6 முதல் இரவு 10 வரை இவற்றின் விளம்பரத்துக்கே தடை வந்தது.

பலன்? முதல் கட்டத்தில், சட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு வாங்கியிருப்பார்கள் என்ற மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், சர்க்கரை அதிகமுள்ள பானங்களை வீடுகள் வாங்கிய அளவு 23.7 சதவீதம் குறைந்தது. இதை முத்திரை மட்டுமே சாதித்தது என்று சொன்னால் தவறு. விளம்பரத் தடையும் பள்ளித் தடையும் ஒரே நாளில் வந்ததால் பங்கு பிரிக்க முடியாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தொழிற்சாலைப் பக்கத்தில் நடந்தது. ஏதாவது ஒரு முத்திரையாவது வாங்கக்கூடிய பொருட்களின் பங்கு, சட்டத்துக்கு முன் 51 சதவீதமாக இருந்தது, நடைமுறைக்கு வந்த பிறகு 44 சதவீதமாக இறங்கியது. முத்திரையைப் படிக்காதவர், அக்கறையே இல்லாதவர், அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுப்பவர் எல்லோருக்கும் இந்தக் குறைப்பு போய்ச் சேர்கிறது. முகப்பு முத்திரையைப் படிக்கும் முதல் ஆள் வாங்குபவர் இல்லை, கலவை தயாரிக்கும் பொறியாளர். இதைப் புரிந்துகொள்ளாமல் செய்யும் எந்த மதிப்பீடும் பாதிதான்.

குறைகளும் உண்டு. எல்லைக்கோடு கூர்மையாக இருப்பதால் 9.9 கிராமும் 0.5 கிராமும் ஒன்றாகத் தெரிகின்றன, 10.1 கிராமும் 60 கிராமும் ஒன்றாகத் தெரிகின்றன. முகப்பின் பரப்பளவு 30 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், முத்திரை சின்னப் பொட்டலத்தில் வராது, அவற்றை அடக்கிய வெளிப்பெட்டியில்தான் வரும். பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாக விற்கும் இடத்தில் குழந்தை கையில் போகும் பொட்டலத்தில் எச்சரிக்கை இருக்காது. சர்க்கரையை எடுத்த இடத்தில் செயற்கை இனிப்பூட்டி புகுந்ததையும் சிலி தடுக்கவில்லை. 10-க்கு 8.

மெக்சிகோ: ஓட்டை அடைத்த பதிப்பு

சிலியின் அனுபவத்தைப் பார்த்துத் திருத்தி எழுதியது போலவே இருக்கும். 2020 அக்டோபரில் நடைமுறை. எண்கோணங்கள் ஐந்து: கலோரி, சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு, மாற்றுக் கொழுப்பு எனப்படும் டிரான்ஸ் கொழுப்பு, சோடியம். கூடவே இரண்டு பட்டைகள்: 'காஃபின் உள்ளது, குழந்தைகளுக்கு வேண்டாம்', 'இனிப்பூட்டி உள்ளது, குழந்தைகளுக்கு வேண்டாம்'. சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டி போட்டவருக்கு முகப்பு சுத்தமாகாது. முகப்பு 40 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும் சிறு பொட்டலத்தில், எத்தனை முத்திரை என்ற எண்ணைத் தாங்கிய ஒரே எண்கோணம் கட்டாயம். சிலி விட்ட இரண்டு ஓட்டையும் இதில் அடைந்தது.

வரம்பு போடும் விதம் வேறு. கலோரி 100 கிராமுக்கு 275. ஆனால் சர்க்கரைக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கும் மொத்தக் கலோரியில் 10 சதவீதம் என்ற விகிதக் கணக்கு. சோடியம், ஒரு கிலோ கலோரிக்கு 1 மில்லிகிராம் அல்லது 100 கிராமுக்கு 300 மில்லிகிராம், இதில் எதைத் தொட்டாலும் முத்திரை. நம் பிஸ்கட்டில் சர்க்கரையின் கலோரி 96, மொத்தத்தில் 20 சதவீதம். நிறைவுற்ற கொழுப்பின் கலோரி 81, 17 சதவீதம். சோடியம் விகிதத்தில் தப்புகிறது (470 கலோரிக்கு 320), ஆனால் 300-ஐத் தாண்டியதால் மாட்டிக்கொள்கிறது. மொத்தம் நான்கு எண்கோணம். அதே பிஸ்கட்டுக்கு பிரேசிலின் பூதக்கண்ணாடி முத்திரை (2022) இரண்டு குற்றம்தான் சொல்லும். அங்கே சேர்த்த சர்க்கரைக்கு 15 கிராம், நிறைவுற்ற கொழுப்புக்கு 6, சோடியத்துக்கு 600 மில்லிகிராம் எல்லை. ஒரே பிஸ்கட், ஒரு நாட்டில் இரண்டு, இன்னொரு நாட்டில் மூன்று, மற்றொன்றில் நான்கு. வடிவத்தை விட வரம்பில்தான் உண்மையான சண்டை நடக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விகிதக் கணக்குக்கும் ஒரு பக்கவிளைவு இருக்கிறது. 100 கிராமில் 40 கலோரியே உள்ள ஒரு காய்கறி சூப்பில் 1.2 கிராம் சர்க்கரை சேர்த்தால், அதன் கலோரி 4.8, அது 12 சதவீதம், ஆகவே 'சர்க்கரை அதிகம்'. உண்மையில் அது அதிகமே இல்லை. கலோரி குறைந்த உணவுகளை இப்படித் தண்டிக்கும்போது மக்கள் முத்திரையைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். இது திருத்தக்கூடிய குறைதான்: விகிதத்தோடு, 100 கிராமுக்குக் குறைந்தது இத்தனை கிராம் என்ற அடித்தள அளவும் இருந்தால் போதும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும், இன்றுள்ளவற்றில் முழுமையானது இதுவே. 10-க்கு 9.

பானத்துக்கு மட்டும் என்றால் சிங்கப்பூரின் முறையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2022 டிசம்பர் 30 முதல், 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி', 5-க்கு மேல் 'சி'. இந்த இரண்டுக்கும் முத்திரை கட்டாயம், 'டி' பானத்துக்கு விளம்பரமே கூடாது. எழுத்தின் பக்கத்திலேயே சர்க்கரைச் சதவீதமும் அச்சிட்டிருக்கும். எழுத்து முறையின் குறையை அந்த ஒரு எண் பெருமளவு சரிசெய்கிறது.

எங்கே பழுதாகிறது

காகிதத்தில் நன்றாக இருக்கும் முத்திரை கடையில் தோற்பதற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. பாக்கெட்டுக்கு இரண்டு முகப்பு அச்சிட்டு, ஒன்றில் மட்டும் முத்திரை போட்டு, முத்திரை இல்லாத பக்கத்தை அலமாரியில் வெளியே காட்டி அடுக்குவது ஒன்று. விதியில் 'முதன்மை முகப்பு' என்று ஒருமையில் எழுதியிருந்தால் இதைத் தடுக்க முடியாது. முகப்பு போலத் தோன்றும் எல்லாப் பக்கத்திலும் என்று எழுத வேண்டும். முத்திரைக்குப் பக்கத்திலேயே 'நார்ச்சத்து நிறைந்தது', 'வைட்டமின் சேர்த்தது' என்று பெரிய எழுத்தில் எழுதி எச்சரிக்கையைக் கரைப்பது இன்னொன்று.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது: அச்சிட்ட எண்ணுக்கும் உள்ளே இருக்கும் பொருளுக்கும் அனுமதிக்கப்பட்ட வித்தியாசம். ஐரோப்பிய வழிகாட்டுதலில், 100 கிராமுக்கு 10 முதல் 40 கிராம் வரை உள்ள சர்க்கரைக்கு 20 சதவீதம் முன்பின் இருக்கலாம். 22 கிராம் என்று அச்சிட்ட பிஸ்கட்டைச் சோதனைக்கூடத்தில் அளந்து 26 கிராம் வந்தாலும் அது மீறல் ஆகாது. மாவு, பால்பொடி எல்லாம் இயற்கைப் பொருட்கள், கொஞ்சம் ஏற்ற இறக்கம் தவிர்க்க முடியாததுதான். ஆனால் எல்லைக்கோட்டுக்குக் கீழே ஒரு கிராமில் நின்று முத்திரையிலிருந்து தப்பும் பொருளுக்கு இவ்வளவு சலுகை கூடாது. வரம்பை ஒட்டி நிற்கும் பொருட்களை மட்டும் தனியே பொறுக்கி, கடையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாடு இருந்தால், குறைந்த செலவில் அதிகம் பிடிபடும்.

முத்திரை வேண்டாத இடமும் உண்டு. தொழிற்சாலையில் எண்ணெயைப் பகுதியாக ஹைட்ரஜனேற்றி உண்டாக்கும் டிரான்ஸ் கொழுப்புக்கு எச்சரிக்கை போடுவது அரைகுறை வேலை. டென்மார்க் 2003-லேயே 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்று நேரடியாகத் தடுத்துவிட்டது, அதுதான் முறை. ரொட்டி போல எல்லோரும் தினமும் உண்ணும் பொருளின் உப்புக்கும் அப்படியே. தென்னாப்பிரிக்கா 2016-ல் ரொட்டியின் சோடியத்துக்கு 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் என்று சட்ட உச்சவரம்பு வைத்து, 2019-ல் 380 ஆக்கியது. மாற்றுப் பொருள் இல்லாத இடத்தில் வாங்குபவரிடம் 'தேர்ந்தெடு' என்று சொல்வதில் அர்த்தமில்லை.

கற்றுக்கொடுக்காத முத்திரை

சிலியில் முத்திரை வந்த பொருட்களின் விளம்பரத்தில் 'முத்திரை குறைவான உணவைத் தேர்ந்தெடுங்கள்' என்ற ஒரே வரிச் செய்தியையும் கட்டாயமாக்கினார்கள். இந்த ஒரு வரிதான் பாடம் முழுவதும். எது நல்லது, எது கெட்டது, எத்தனை கிராம் என்று விளக்கும் பிரச்சாரங்களைவிட, 'எண்ணுங்கள், குறைவானதை எடுங்கள்' என்ற கட்டளை நிற்கிறது. வீட்டில் இதை முதலில் கடைப்பிடித்தவர்கள் பள்ளியில் கேட்டுவந்த பிள்ளைகள்தான். தின்பண்டப் பெட்டியில் முத்திரை இல்லாததை வைக்கச் சொல்லி ஆசிரியர்கள் கேட்டபோது, வாங்கும் பட்டியலே மாறியது. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர், 'உப்பைக் குறையுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'சோடியம் முத்திரை இருக்கிற பாக்கெட் வீட்டுக்குள் வர வேண்டாம்' என்று சொன்னால் நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும்.

புகையிலை எச்சரிக்கையிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் உணவு முத்திரை இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. சிகரெட் பெட்டிப் படங்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், ஏனென்றால் ஒரே படம் கண்ணுக்குப் பழகிப்போய் மறைந்துவிடும். எண்கோணமோ ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கிறது. வடிவத்தை மாற்றக் கூடாதுதான், ஆனால் அதைச் சுற்றிய பிரச்சாரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

முத்திரையே இல்லாத பாக்கெட் கையில் வந்தால்

பின்பக்க அட்டவணையில் '100 கிராமுக்கு' என்ற பத்தியை மட்டும் பாருங்கள். பரிமாறல் கணக்கு மட்டும் இருந்தால், சத்தின் அளவைப் பரிமாறல் கிராமால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள்: 6-ஐ 25-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கினால் 24. அதற்குமேல் மூன்று எல்லைகளை நினைவில் வைத்தால் போதும். சர்க்கரை 10 கிராம், நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம், சோடியம் 400 மில்லிகிராம். 'உப்பு' என்று போட்டிருந்தால் 1 கிராம், ஏனென்றால் சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. பானத்துக்குச் சர்க்கரை 5 கிராம்.

மூலப்பொருள் பட்டியல் எடை வரிசையில் இறங்கும். சர்க்கரை நான்காவது இடத்தில் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறு அடர்வு, தேன் என்று பிரித்து எழுதியதால் கீழே இறங்கியிருக்கலாம், கூட்டினால் முதலிடத்துக்கு வந்துவிடும். 'பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்' என்ற சொல் எங்கே இருந்தாலும் கீழே வையுங்கள், அட்டவணையில் டிரான்ஸ் கொழுப்பு பூஜ்ஜியம் என்று இருந்தாலும் சரி. சில நாடுகளின் விதியில், அமெரிக்காவைப் போல, ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் குறைவானதைப் பூஜ்ஜியம் என்று எழுதலாம்.

சர்க்கரை நோயாளிகள் ஒன்றைத் தெளிவாக மனதில் வைக்க வேண்டும். மேலே பார்த்த எந்த முத்திரையும் மாவுச்சத்தைத் தனியாக எண்ணுவதில்லை. சர்க்கரை முத்திரை இல்லாத வெள்ளை ரொட்டியும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் சர்க்கரைக் கணக்கிலேயே வராது, ஏற்றும் வேகமோ குளுக்கோஸுக்கு நெருக்கம். அவர்கள் பார்க்க வேண்டிய வரி 'மொத்தக் கார்போஹைட்ரேட்'.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வேறு ஓர் ஆபத்து, அதை இந்த முத்திரைகளே ஒரு வகையில் கொண்டுவருகின்றன. சோடியம் முத்திரையிலிருந்து தப்ப, தயாரிப்பாளர்கள் சாதா உப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு பொட்டாசியம் குளோரைடு சேர்க்கலாம். மற்றவர்களுக்கு அது பெரும்பாலும் நல்லதே. ஆனால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாதவருக்கும், பொட்டாசியத்தைத் தேக்கும் சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளை எடுப்பவருக்கும் ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். முகப்பில் சோடியம் முத்திரை இல்லை என்று பார்த்து அவர்கள் எடுக்கும் அதே பாக்கெட்டில் இது இருக்கக்கூடும். ஆகவே, சோடியத்தைக் குறைக்கச் சொல்லும் ஒவ்வொரு சட்டத்திலும், பொட்டாசியம் குளோரைடு சேர்த்த பொருளில் பொட்டாசியத்தின் அளவை முகப்பிலேயே அச்சிட வேண்டும் என்ற ஒரு வரி இருக்க வேண்டும். மேலே பார்த்த எந்த முத்திரையிலும் அந்த வரி இல்லை.